ஓரத்தில் ஒரு கை

எல்லாப் படமும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கேமராவின் முதுகில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு திரை, அதற்குள் மாமனார் ஆவுடையப்பன் மரநாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கரைவேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு, நெற்றி நிறைய விபூதி. அம்புக்குறியை அமுக்கினால் மறுபடியும் அவர், இன்னொரு தடவை அமுக்கினால் இன்னொரு தடவையும் அவர், இந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கம் அவர் நின்றது போலவே வந்துகொண்டே இருக்கிறார். இவ்வளவு சின்னதாக்கிவிட்டால் யார்தான் நல்லவராகத் தெரியமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். போட்டோ எடுக்க வந்த சாகுல் பாயும் அதையேதான் வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போனார். "இதுல பாத்தா எல்லாமே பளிச்சுன்னுதான் இருக்கும்க்கா. இதை நம்பிப் பிரிண்ட் போட்டுட்டு எத்தனை கல்யாண வீட்டுல ஏச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? இந்தா, பூதக்கண்ணாடி போட்ட பொத்தான், இதை அமுக்குங்க, மூஞ்சி பெரிசாகும், இன்னும் அமுக்குங்க, கண்ணு மட்டும் வரும். கண்ணு தெளிவா இருந்தாத்தான் படம் தேறும். கலங்கலா இருந்தா சுவத்துல மாட்டுத அளவுக்குப் பெரிசாக்க முடியாது, கரைஞ்சு போயிரும்." கேமராப் பட்டையை அவளே கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி நீட்டி, "விட்டுராதீங்க, என் பொழப்பே அதுலதான் இருக்கு" என்று சிரித்தார். விளக்குக்கு வேறு பேட்டரி எடுக்கப் போயிருக்கிறார். தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டி முக்குக்கடை பக்கம் நிற்கிறது, போய்விட்டு வரக் கொஞ்ச நேரமாகும். அதுவரை கேமரா அவள் கழுத்தில் கனத்தது. தாலிக்கொடிக்குமேல் இப்படியொரு கனம் இந்தக் கழுத்தில் விழுந்ததில்லை.

"ஏளா, ஆச்சா?" என்றார் நாற்காலியிலிருந்து. "பாத்துக்கிட்டிருக்கேன் மாமா." "நல்லதா ரெண்டு மூணு எடுத்து வையி. எது வேணும்னு நான் சொல்லுதேன்." சொல்லாமல் இருப்பாரா. காய்கறிக்காரன் கூடையிலிருந்து பேரன் படிப்பு வரைக்கும் எது வேண்டும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார், தன் படத்தை மட்டும் விட்டுவிடுவாரா. இந்தப் படம் எதற்கு என்று மட்டும் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எண்பது நிறையப்போகிறது, ஒரு நல்ல படமாக எடுத்து வைப்போம், தெம்பாக இருக்கும்போதே எடுத்து வைத்தால் ஆயுள் கெட்டி என்று சொல்வார்கள், இப்படித்தான் பேச்சு போனது. அவள் புருஷன் சங்கரலிங்கம் "அப்பா சொல்லுதபடி செய்யி" என்று சொல்லிவிட்டு, காபி குடித்த கையோடு மில்லுக்குக் கிளம்பிவிட்டான். அப்பா சொல்கிறபடி செய்வதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது, பாவம். ஆனால் சுவரில் இருக்கிற ஆணி பொய் சொல்லுமா? செத்துப்போன அத்தை படத்தை மாட்டிய அன்றைக்கே, "பக்கத்துல இன்னொண்ணும் அடிச்சிரு, பொறவு வந்து சுவத்தக் குத்திக்கிட்டு நிக்கக் கூடாது" என்று ஆசாரியிடம் சொல்லி, நூல் பிடித்தாற்போல ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி அடிக்க வைத்த மனுஷன் இவர். அன்றிலிருந்து அந்த இரண்டாவது ஆணியில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் தாள் கிழிப்பது உலகம்மாள். அத்தை படத்தைத் துடைப்பது, வெள்ளிக்கிழமை சந்தனமும் குங்குமமும் வைப்பது, வாடின பூவை எடுத்துவிட்டு வேறு பூப் போடுவது எல்லாமே உலகம்மாள். அப்படியானால் நாளைக்கு அந்த ஆணியில் என்ன தொங்குமோ அதையும் அவள்தான் துடைக்க வேண்டும், அதன் முன்னால்தான் விளக்கேற்ற வேண்டும், அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். யாரோடு போனில் இவ்வளவு நேரம் பேச்சு, தலையில் எதற்கு இத்தனை பூ, தோசைக்கு எண்ணெய் யார் வீட்டுக் காசு, இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த கண்கள், ஆள் போன பிறகும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவளுக்கும் ஐம்பது நெருங்குகிறது. மிச்சமிருக்கிற நாளாவது ஒருவரும் முறைக்காத கூடத்தில் நடக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டால் அது தப்பா? பொத்தானை ஓங்கி அமுக்கினாள். மறுபடியும் அவர்.

அவள் அப்பாவுக்கு இப்படி எத்தனை படம் எடுத்தார்கள்? ஒன்றுகூட இல்லை. அப்பா சுடலைமுத்து கடையநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், நகக்கண்ணில் மையும் கிரீசும் ஏறிப்போனவர், கல்யாணத்துக்காக முதல் நாள் ராத்திரி மண்ணெண்ணெயும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் சிவந்து போய், அப்படியும் போகவில்லை. புதுச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு நெஞ்சில் சதுரம் சதுரமாக நிற்க, மேடைக்கு வந்து மகள் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் மில்காரர்களும் பெரிய மனுஷர்களும் மேடையேறினார்கள். "சம்பந்தி, நீங்க போயி பந்தியைப் பாருங்க, அங்க ஆளில்லாமப் போச்சு" என்றார் ஆவுடையப்பன், எவ்வளவு மரியாதையாக, முதுகில் கை வைத்து, சிரித்த முகமாக. பந்தியைப் பார்க்கச் சமையற்காரன் இருக்கிறான், மாமன் இருக்கிறான், ஊரே இருக்கிறது. அப்பா போய்விட்டார். போகும்போது பிளாஷ் அடித்தது. அந்தப் படத்தைப் பார்வைக்குக் கொண்டுவந்தபோது உலகம்மாள் இந்த வீட்டுக்கு வந்து மாசம்கூட ஆகவில்லை, இதே கூடம், இதே நாற்காலி, அவள் காபித் தம்ளரோடு நிற்கிறாள், மாமனார் படத்தின் மேல் விரலை வைத்து ஸ்டூடியோக்காரனிடம் சொல்கிறார்: "ஓரத்துல ஒரு கை நிக்கி பாரு, அதை வெட்டிரு." எட்டிப் பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு கை, வெள்ளைச் சட்டையின் கை மடிப்பு, கறுத்த நகம். அது யாருடைய கை என்று அங்கே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இல்லை, அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். வாயில் வார்த்தை வந்ததா? வரவில்லை. "ஆறிரப்போகுது மாமா" என்று காபியை நீட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வெட்டிய படம் பெரிசாகி ரொம்ப நாள் இந்தச் சுவரில் தொங்கியது. அந்த ஐப்பசியிலேயே அப்பா படுத்து எழுந்திருக்கவில்லை. படம் மாட்ட வேண்டுமே என்று அண்ணன் தேடினான், வீட்டில் ஒன்றுமில்லை, ஸ்டூடியோவில் பழைய பிலிமெல்லாம் மழையில் ஒட்டிப்போச்சு என்றார்கள், கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த நகத்தளவு முகத்தைக் கொடுத்துப் பெரிசாக்கி வாங்கி வந்தான். இரண்டு கறுப்புத் திட்டுதான் கண், ஒரு திட்டு வாய். யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம். அம்மா சாகிற வரைக்கும் அந்தத் திட்டுக்குத்தான் மாலை போட்டாள், "உங்கப்பா மொகம் எனக்கு மறந்துக்கிட்டு வருதுட்டி" என்று ஒருநாள் போனில் அழுதாள். வெட்டிரு. எத்தனை லேசான வார்த்தை.

பூதக்கண்ணாடியை அமுக்கினாள். முகம் பெரிசானது. இன்னும் அமுக்கினாள். இடது கண் திரை முழுக்க வந்து நின்றது, இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம், அத்தனை தெளிவு, விழிக்குள் பாயின் குடைவிளக்குகூட வெள்ளையாகத் தெரிகிறது. கை தானாக நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் முறைப்பு இல்லை. பயம் இருந்தது. எதற்காக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளின் பயம், ஊசி போடக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே பழைய ஆவுடையப்பன்தான், தாடையைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடியில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு. மறுபடி திரையைப் பார்த்தாள், பயம். ஆகா, இதைவிட என்ன வேண்டும், இதையே மாட்டிவிடு உலகம்மா, வருகிறவன் போகிறவனெல்லாம் பார்க்கட்டும், இந்தச் சிங்கத்தின் வயிற்றில் என்ன இருந்தது என்று. மனசு குதித்தது. குதித்த வேகத்திலேயே இடறியது. வருகிறவன் என்ன சொல்வான்? "பாவம், பெரியவர்" என்பான். உச்சுக் கொட்டுவான். நாளடைவில் அவளும் சொல்லத் தொடங்கிவிடுவாள், துடைக்கும்போதும் பூப் போடும்போதும் அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து, பாவம், பாவம் என்று. அதுதான் கூடாது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவருக்குக் கொடுக்கமாட்டாள். அப்பாவுக்குக் கிடைக்காத அந்த வார்த்தை இவருக்கு எதற்கு? அம்புக்குறியைத் தள்ளினாள், தள்ளினாள், அதோ, அந்தப் படம்.

அது பாய் வேண்டுமென்று எடுத்த படமில்லை. தோளில் துண்டு சரிந்திருக்கிறது, கொஞ்சம் நேராக்குங்க என்று பாய் சொல்ல, அவள் போய் நேராக்கிவிட்டுக் கையை எடுப்பதற்குள், "எத்தனை தடவைளா இழுப்பே, தள்ளு" என்று மாமனார் அதட்ட, வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்த பாய் தவறி அமுக்கிவிட்டார். இருப்பதிலேயே அதுதான் எடுப்பான படம். அதட்டும்போதுதான் அவருக்கு முகத்தில் களை வரும். அந்தச் சின்னத் திரைக்குள் பாளையக்காரர் மாதிரி இருக்கிறார். ஓரத்தில், தோளிலிருந்து விலகி, ஒரு கை, கண்ணாடி வளையல், அவளுடையது. பெரிசாக்கினால்தான் சங்கதி தெரியும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திட்டு. இன்னும் பெரிசாக்கினால் திட்டு கரைந்து தோலோடு தோலாகிறது, ஆளே இல்லை. ஓரத்துக்கு நகர்த்தினால் வளையலின் கீறல்கூடத் துல்லியமாக நிற்கிறது, மஞ்சள் ஏறின நகக்கண், சுண்டுவிரலில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. "ஃபோகஸ் ஐயா மேல விழலக்கா, உங்க கையப் பிடிச்சிட்டு. இது வேஸ்ட்" என்று பாய் போகும்போதே காட்டிவிட்டுத்தான் போனார். வேஸ்டாம். இந்தக் கேமராவுக்கு இருக்கிற நியாயம் யாருக்கும் இல்லை. இதை எடுத்து நீட்டினால் போதும். மாமனாருக்கு இதுதான் பிடிக்கும், அவள் எழுதித் தருவாள். கண் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே ஒரு புகைக்குள்தான் தெரிகிறது, சுவரைத் தடவித்தான் கொல்லைக்குப் போகிறார், கேட்டால் மட்டும் "ஊசியில நூல் கோப்பேன், பாக்கியா?" பெரிசாக்கி மாட்டினாலும் அவருக்கு இது புகையென்று தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். தெரியட்டும். அவரே தேர்ந்தெடுத்தது என்று சொல்லிவிடலாம். கண்ணில்லாத ஒரு வேட்டி சட்டை, யாருடைய மாமனாராகவும் இருக்கலாம் என்கிற மாதிரி ஒன்று, அத்தை பக்கத்தில் தொங்கும். அவள் அதன் முன்னால் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நடப்பாள்.

"ஏளா, கண்ணு உறுத்துது." அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கேமராவை முந்தானைக்குள் ஒதுக்கிக்கொண்டு சொட்டு மருந்தை எடுத்து வந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்தாள். சிவந்த கண் தலைகீழாக அவளையே பார்த்தது, திரையில் பார்த்த அதே கண், அதே பயம். ஒவ்வொரு தடவையும் போல இப்போதும் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகன் போட்டால் வேண்டாம் என்கிறார், நர்ஸ் போட்டால் கத்துகிறார், இவள் போட்டால்தான் ஆகும். சொட்டு விழுந்தது. "உனக்குக் கை நடுங்காது" என்றார், கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் மருந்து வழிய. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அவள் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். துடைத்த கை சொன்ன பேச்சைக் கேட்காமல் கொஞ்ச நேரம் அந்தக் கன்னத்திலேயே நின்றது. கிழம். எலும்பும் தோலும். இன்னும் எத்தனை நாள். சட்டென்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒரு வார்த்தைக்கு இப்படி இளகுகிறதே இந்த மனசு, நாய்க்குப் போடுகிற பிஸ்கட்டு மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டார், வாலாட்டிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் இளகியது. அம்மா போனில் அழுதது ஞாபகம் வந்தது. முகம் மறந்து வருகிறது என்ற அந்தக் குரலைத் தன் பிள்ளைகள் தொண்டையிலும் கேட்க வேண்டுமா, அவர்களுக்கு இவர் தாத்தாதானே. போகிறது, தெளிவான படத்தையே காட்டுவோம். பயந்த கண்ணாகவே இருக்கட்டும், பாவம் என்றே சொல்லிவிட்டுப் போவோம். அம்புக்குறியைப் பின்னால் தள்ளி, தெளிவான படத்தைக் கொண்டுவந்து, கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றாமலே குனிந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இது நல்லாருக்கு மாமா. கண்ணு தெளிவா இருக்கு."

அவர் கண்ணைச் சுருக்கி, தலையைத் தள்ளி, கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "என்னது இது, பேதி மாத்திரை முழுங்குனவன் மாதிரி. அடுத்ததக் காட்டு." அவள் கையைத் தள்ளிவிட்டு அவரே கட்டைவிரலால் தட்டித் தடவி அமுக்கினார். படங்கள் ஓடின. நின்றது. "இது! இதுதான்யா நானு." பாளையக்காரர். அதே நேரத்தில் சாகுல் பாய் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பேட்டரியோடு உள்ளே வந்தார். "ஐயா, அது வேண்டாம், இன்னொண்ணு எடுத்துருவோம், ஒரு நிமிஷந்தான்" என்றார் எட்டிப் பார்த்து. "இனி நான் உக்கார முடியாது வே. முதுகு போச்சு. எனக்கு இது பிடிச்சிருக்கு." மறுபடி திரையை உற்றுப் பார்த்தார். வளையல் மின்னியிருக்க வேண்டும். விரலை வைத்தார். "ஓரத்துல ஒரு கை நிக்கி பாரும், அதை வெட்டிரும்."

உலகம்மாள் கழுத்துப் பட்டை முறுகி நின்றது. அதே நாற்காலி, அதே விரல், அதே வார்த்தை. யாருடைய கை என்று கேட்கக்கூட இல்லை. இப்போதுதான் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மருந்து போட்டுக்கொண்டீர், அந்த ஈரம்கூடக் காயவில்லை. தொண்டை வரை வந்ததை அவள் விழுங்கினாள். இந்தத் தடவை ஊமையாகிப் போய் விழுங்கவில்லை. அந்தப் படத்தில் தெளிவாக நிற்பது அந்தக் கை ஒன்றுதான். அதை வெட்டச் சொல்கிறார், தன் வாயாலேயே. அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பாய் அவளைப் பார்த்தார், குரலைத் தணித்து, "அக்கா, சொல்லுங்க, அதுல ஃபோகஸு" என்று தொடங்கினார். "என்னவாம்?" என்றார் மாமனார். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள் உலகம்மாள், குரல் தேனாக வந்தது. "கையை வெட்டினா படம் இன்னும் எடுப்பா இருக்கும்னு சொல்லுதாரு." "அதத்தான நானும் சொல்லுதேன். பொறவு இன்னொண்ணு. மத்ததெல்லாம் அழிச்சிரணும். நான் போன பொறவு இவனுவ இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்து மாட்டிருவானுவ." எதற்காக எடுக்கிற படம் என்று கடைசியில் அவர்தான் வாயைத் திறந்து சொன்னார். பாய் கையை நீட்டினார், "அதை நான் கடையில போயி பாத்துக்கிடுதேன்க்கா." "கேமரா எங்கிட்டத்தான இருக்கு" என்று அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். குப்பைத்தொட்டி படம் போட்ட பொத்தான் கட்டைவிரலுக்குத் தோதாகவே இருந்தது. அழிக்கவா என்று திரை கேட்டது, ஆமாம் என்றாள். அடுத்ததற்கும் ஆமாம். பயந்த கண் வந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள், வாக்காளர் அட்டையில் அப்பா கண் இப்படித் தெரிந்திருந்தால் என்று நினைத்தாள், அமுக்கினாள். ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. அதன்பிறகுதான் பட்டையைக் கழற்றி பாயிடம் கொடுத்தாள். கழுத்து லேசாகிவிட்டது. "எந்த அளவுல போடட்டும்?" என்றார் பாய், யார் முகத்தையும் பார்க்காமல். "அவ படத்தை விடப் பெரிசா" என்றார் ஆவுடையப்பன், அத்தை இருந்த சுவர்ப் பக்கம் கையைக் காட்டி. "ஆமா பாய், எவ்வளவு பெரிசா முடியுமோ அவ்வளவு பெரிசாப் போடுங்க" என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டு, பாய் அளவு பார்க்கட்டும் என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டாவது ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினாள். கை நடுங்கவில்லை.